எண்ணெய் மாற்றிய ஊர்கள்

டீச்சர்,

மத்தியானம் ரசம் சோறு பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனபோது கையில் பழைய இன்ஜின் ஆயில் வாசனை அடித்தது. நேற்றிலிருந்து எத்தனையோ தரம் சோப்புப் போட்டுக் கழுவியாகிவிட்டது. புளி வைத்துத் தேய்த்தேன், சீயக்காய் போட்டுப் பார்த்தேன். நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருக்கிறது. உன் கையில் இந்த வாசனை இருந்த காலத்தில் நான் கொஞ்சமாகவா முணுமுணுத்தேன்? "சர்ச்சுக்கு வரும்போதாவது கையைக் கழுவிட்டு வரக் கூடாதா?" என்பேன். "கழுவினதுதான் சார். இது லேசுல போகாது" என்பாய். நீ சோம்பலுக்குச் சாக்குச் சொல்கிறாய் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். சோற்றுக் கையைத் தட்டுக்கு மேலே அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ரசம் ஆறிவிட்டது.

நேற்று நம் வண்டிக்கு ஆயில் மாற்றினோம். இதெல்லாம் ஒரு விஷயமா என்று யாரும் கேட்பார்கள். நீ கேட்க மாட்டாய் என்பதால் உனக்கு எழுதுகிறேன்.

சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியை விற்க ஒத்துக்கொண்டிருந்தேன். நம் மகள்தான் ஆள் பார்த்தாள். படப்பைப் பக்கம் பூச்செடி நர்சரி வைத்திருப்பவர், நல்ல மனிதர். நம் வாசலில் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே ஏறினார், அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆனால் அவருக்கு வண்டி மட்டும் போதும். "மேல இருக்கிற பொட்டியக் கழட்டிட்டீங்கன்னா செடி ஏத்த வசதியா இருக்கும் சார். அப்படியே ஒரு சர்வீஸும் பண்ணிக் குடுத்துருங்க" என்றார். வண்டி மேல் நீ கட்டவைத்த நம் வீட்டைத்தான் பொட்டி என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

மகளைக் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கரணையிலிருந்து வாரா வாரம் வந்து, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினாள். போன வாரம் சாவியை என் கையில் வைத்துவிட்டு, "அப்பா, ஓட்ட ஆளில்லாத வண்டி துருதான் பிடிக்கும். அது இங்க நிக்கிறதப் பாத்துப் பாத்து நீங்களும் அப்படியே நிக்கிறீங்க" என்றாள். உன் பேச்சு அப்படியே வந்திருக்கிறது அவளுக்கு, வலிக்காமல் ஊசி குத்துகிற பேச்சு. அவள் சொன்னது சரிதான். நீ ஓட்டினாய், நான் சமைத்தேன். ஓட்டுகிறவள் போய்விட்டால் சமைக்கிறவன் வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

நீ ஓய்வுபெற்ற கையோடு அந்த மினி லாரியைக் கொண்டுவந்து சேலையூர் வீட்டு வாசலில் நிறுத்தினாயே, அந்தக் காலை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. கடை கடையாக ரொட்டியும் பன்னும் போட்ட வண்டி. பின்கதவைத் திறந்தால் வெண்ணெய் வாசனை வந்தது. "இது மேல வீடு கட்டப்போறோம் சார்" என்றாய். பள்ளிக்கூட ஆபீஸில் ஒரே நாற்காலியில் ஆயுசைத் தேய்த்தவன் நான். நாற்காலியை இடம் மாற்றிப் போட்டாலே தூக்கம் வராது. அதே பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுத்த நீயோ, எதையாவது கழற்றி மாட்டாவிட்டால் தூங்க மாட்டாய். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் 'சாரு'ம் மாறவில்லை, 'டீச்சரு'ம் மாறவில்லை. நாமும் மாறவில்லை.

பாடி கட்டும் ஷெட்டிலேயே குடியிருந்து வேலை வாங்கினாய். எதிரெதிராக இரண்டு படுக்கை, நடுவே மடக்குப் பலகை, ஓரத்தில் அடுப்பு, நீலத் திரை போட்ட ஜன்னல், பாத்திரம் கழுவ ஒரு சின்னத் தொட்டி. தொட்டித் தண்ணீர் வெளியே இறங்கத் தரையில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையை நீ மறந்திருக்க மாட்டாய். "ரிட்டயர் ஆனா ஊட்டி, கொடைக்கானல்னு போவாங்க, இவங்க லாரியில குடித்தனம் போறாங்க" என்று சர்ச்சில் பேசிக்கொண்டார்கள். நீ அவர்களையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, என்னைக் காபி போடச் சொன்னாய். அத்தோடு பேச்சு அடங்கியது.

எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒரே ஒரு நாள் முயன்றாய். சர்ச் மைதானத்தில் என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தாய். நீ என்னைவிட நாலு விரல் உயரம். நம் கல்யாண போட்டோவில் போட்டோக்காரர் என்னைச் செங்கல் மேல் ஏற்றி நிறுத்திய கதை ஊருக்கே தெரியும். உன் சீட்டில் உட்கார்ந்தால் என் கால் அந்தரத்தில் தொங்கியது, கிளச்சு எங்கேயோ இருந்தது. நீ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சீட்ட முன்னால தள்ளிக்கலாம் சார்" என்றாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "உன் சீட்டு உனக்கே இருக்கட்டும்" என்று இறங்கிவிட்டேன். பிறகு நீ எத்தனை தரம் கூப்பிட்டும் நான் ஏறவில்லை. நீ இருக்கும்போது எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

ஊர் சுற்றுகிறவர்கள் கோயில், அருவி, கடற்கரை என்று சொல்லிக்கொள்வார்கள். நம் வழி வேறு. முன்கண்ணாடி மூலையில் ஒட்டிய ஸ்டிக்கரில் அடுத்த ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் எழுதியிருக்கும். மீட்டர் அதைத் தொடுகிற ஊர் எதுவோ அங்கே நிற்க வேண்டும், அங்கேயே ஒரு நாள் தங்க வேண்டும் என்பது நீ போட்ட சட்டம். குற்றாலத்துக்குப் போகும் வழியில் வேளை வந்தாலும் குற்றாலம் காத்திருக்க வேண்டியதுதான். செங்கத்தில் ஆயில் மாற்றினோம். பெருந்துறையில் டயர்களை முன்பின்னாக மாற்றிப் போட்டோம். மேலூரில் ஏர் ஃபில்டர், துவரங்குறிச்சியில் கிரீஸ். சுற்றிப் பார்க்க என்று யாரும் போகாத ஊர்கள். ஆனால் கண்ணை மூடினால் எனக்கு அவைதான் வருகின்றன. செங்கத்து ஒர்க்‌ஷாப் சுவரில் காய்ந்த வரட்டிகள், துவரங்குறிச்சியில் சர்வீஸ் முடியும் வரை நம் படிக்கட்டை விட்டு நகராத வெள்ளாடு, பெருந்துறையில் மழைக்கு முன் வந்த மஞ்சள் வெளிச்சம். பார்க்கப் போன அருவிகளெல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே அருவியாகிவிட்டன.

ஆயில் மாற்றும் நாளை வண்டியின் எண்ணெய்க் குளியல் நாள் என்று வைத்திருந்தாய். எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்களை வெயிலில் அலைய விடுவார்களா? அன்றைக்கு வண்டி ஊர் எல்லையைத் தாண்டாது. சமையல் மிளகு ரசமும் பருப்புத் துவையலும்தான். பகலில் கண்ணயரக் கூடாது. "குளிச்சது வண்டி, தூங்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்றியே" என்று சண்டை பிடிப்பேன். "ஒரே வீட்டுல இருக்கோம்ல சார்" என்பாய். வண்டிக்குக் குளியல், எனக்குப் பத்தியம்.

அந்தப் பத்தியத்தையும் நீ அழகாக்கித்தான் வைத்தாய். பெரும்பாலான ஒர்க்‌ஷாப்புகளில் சரிவாகக் கட்டிய சிமெண்ட் மேடைதான் இருக்கும். வண்டி அதில் ஏறி நின்றதும் மெக்கானிக் அடியில் நுழைவார். "இறங்கிக்குங்க" என்பார்கள். "வீட்டுல இருக்கிறவங்களை இறங்கச் சொன்னா எங்க போவாங்க?" என்று கேட்பாய். அவர்கள் முழிப்பார்கள். அப்புறம் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள். நம் வீடு ஓர் ஆள் உயரத்துக்கு மேலே போய்விடும். ஜன்னலில் சுற்றுச்சுவர் கீழே இறங்கி, பக்கத்துக் கொல்லை தெரியும். கொடியில் காயும் பாவாடை, கிணற்றடி, வேப்பமரத்தின் பாதி உயரம். வண்டி நிற்கிறது, ஆனால் போய்க்கொண்டிருக்கிற மாதிரியே இருக்கும். நீ எதிர்ப் படுக்கையில் கால் நீட்டி, இலவம்பஞ்சுத் தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு, தரைக்கடியில் நடப்பதைக் காதால் பார்ப்பாய்.

போல்ட்டைத் திருகினதும் பழைய ஆயில் தடதடவென்று தட்டில் விழும். பிறகு அது நூலாகும். பிறகு சொட்டு. நமக்கிடையே பேச்சும் அதற்கேற்ற மாதிரி குறைந்துகொண்டே வரும். மெக்கானிக் அவசரப்பட்டு மூடப் போனால் தரையில் தட்டி, "கடைசிச் சொட்டு வரைக்கும் விடுங்க தம்பி, பழசு முழுசா இறங்கட்டும்" என்பாய். மேலேயிருந்து குரல் வந்ததும் அவர்கள் வேலையை நிறுத்திவிடுவார்கள். ஒரு சொட்டு. வெகுநேரம் கழித்து இன்னொரு சொட்டு. நீலத் திரை ஆடும். உன் முகத்தில் நீல நிழல் வந்து வந்து போகும். தூங்கக் கூடாது என்ற சட்டத்தை நீ போட்டது தூங்காமல் இதைப் பார்ப்பதற்குத்தான் என்று எனக்கு இப்போது படுகிறது.

சாத்தூரை எப்படி எழுதாமல் விடுவது? கோடை. முந்தின சாயங்காலம் மாவு அரைக்கும் கடையில் தோசைக்கு அரைத்து வாங்கிக் குண்டானில் ஊற்றித் தரையில், தொட்டிக்குக் கீழே வைத்திருந்தேன். சாத்தூரில் வேளை வந்தது, மேடையில் ஏற்றினார்கள். நம் வீட்டுத் தரைக்கு அடியில்தான் இன்ஜின் சூடு, வெளியே வெயில். மாவு பொங்காமல் என்ன செய்யும்? நாம் முன்பக்கம் உட்கார்ந்து வெள்ளரிப் பிஞ்சு தின்றுகொண்டிருந்தோம். பின்னால் அது சத்தமில்லாமல் வழிந்து, ஓட்டை வழியாகக் கீழே ஆயில் தட்டில் இறங்கிக்கொண்டிருந்தது நமக்குத் தெரியாது.

அடியிலிருந்த மெக்கானிக் வெளியே வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. "அக்கா, மோசம் போயிட்டீக. ஆயில்ல தண்ணி கலந்து வெள்ளையா வருது. இன்ஜின எறக்கணும்க்கா" என்றார். உனக்கு முகம் வெளுத்தது. ஆயில் பால் மாதிரி வந்தால் இன்ஜினுக்குள் பெரிய கோளாறு என்று உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாவிட்டாலும் உன் முகம் தெரியும். இத்தோடு நம் பயணமெல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நீ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடியில் நுழைந்தாய். நான் மேடையோரம் குந்தி எட்டிப் பார்த்தேன். சொட்டிக்கொண்டிருந்ததை ஒரு விரலில் ஏந்தினாய். மோந்து பார்த்தாய். அப்புறம், அத்தனை பேர் பார்க்க, நாக்கில் வைத்தாய். மெக்கானிக் "அய்யய்யோ" என்று கத்தினார். நீ அங்கிருந்தே என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"சார், மாவுல உப்புப் போட மறந்துட்டீங்க."

சாத்தூரே சிரித்தது. அந்த மெக்கானிக் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மிச்சமிருந்த மாவில் உப்புப் போட்டு ஒர்க்‌ஷாப்பில் இருந்த எல்லோருக்கும் தோசை வார்த்தேன். "ஆயில் தோசை" என்று பேர் வைத்துத் தின்றார்கள். அன்று சாயங்காலமே போனில் மகளுக்கு நீ சொன்ன கதையை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று தெரியாது. அதற்கப்புறம் நான் மாவுக் குண்டானை மூடாமல் வைத்ததே இல்லை.

கடைசிப் பயணத்தில் திண்டிவனம் தாண்டியதும் நீ ஓரங்கட்டினாய். "கொஞ்சம் மூச்சு வாங்குது சார், டீ போடுங்க" என்றாய். டீயைப் பாதி குடித்துவிட்டு, ஸ்டிக்கரைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. வீட்டுக்குப் போயிடலாம், அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றாய். சேலையூர் வந்து வாசலில் ஒரே வீச்சில் நேராக நிறுத்தினாய். ஹேண்ட் பிரேக் போட்டாய், சக்கரத்துக்குக் கல் வைத்தாய். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். நீ திரும்பி வரவில்லை. வண்டிக்கு வேளை வருவதற்குள் உனக்கு வந்துவிட்டது.

நேற்று மகள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மேம்பாலம் ஏறி மேற்குத் தாம்பரத்தில் இறங்கி முடிச்சூர் ரோட்டில் போனோம். அவளுக்கு உன் உயரம். சீட்டைத் தொடாமல் அப்படியே ஏறி உட்கார்ந்தாள். கியர் போட்டதும் கையை அதன் மேலேயே வைத்திருக்கும் பழக்கமும் உன்னுடையது. பக்கவாட்டில் பார்க்காமல் நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். சிக்னலில் ஒரு தரம் மறந்துபோய், "டீச்சர், லெஃப்ட்ல பஸ்" என்றுவிட்டேன். அவள் பஸ்ஸுக்கு வழி விட்டாள்.

கரசங்கால் தாண்டும்போது மீட்டரைப் பார்த்தேன். ஸ்டிக்கரில் எழுதியிருந்த எண்ணை அது தொட்டுக்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் கணக்குப் போட்டு வரவில்லை. நர்சரிக்காரர் சொன்ன ஒர்க்‌ஷாப் படப்பையில் இருந்தது, அவ்வளவுதான். செங்கம், சாத்தூர், மேலூர் வரிசையில், காய்கறி வாங்க பஸ்ஸில் போய்வருகிற படப்பையும் சேர்ந்துவிட்டது. நீ பாக்கி வைத்த தூரம் அங்கே வரைக்கும்தான் இருந்திருக்கிறது.

வண்டியை மேடையில் ஏற்றினார்கள். "இறங்கிக்கோ சார்" என்றார் மெக்கானிக். உன் வசனத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகள் கீழேயிருந்து, "அவர் உள்ளதான் இருப்பாருண்ணா, அது அப்படித்தான்" என்றாள். நான் மேலேயே இருந்தேன். ஜன்னலில் சுவர் இறங்கியது. அந்தப் பக்கம் ஒரு மொட்டை மாடி, வடகம் காய்ந்துகொண்டிருந்தது. காக்கா ஒன்று தயங்கித் தயங்கி நடந்தது. டீ போட்டேன். கை பழக்கத்தில் இரண்டு டம்ளரில் ஊற்றியிருந்தேன். எதிர்ப் படுக்கையில் தலையணை சுவரோரம் சாய்ந்து, நடுவில் குழிந்தே இருந்தது. கீழே ஆயில் தடதடவென்று விழுந்தது, நூலானது, சொட்டானது. நீலத் திரை ஆடியது. எனக்கு அப்போது துக்கமாகவே இல்லை டீச்சர். நாம் ஏதோ ஒரு ஊரில் இருக்கிறோம், நீ கீழே இறங்கி மெக்கானிக்கிடம் பேசிக்கொண்டிருக்கிறாய், அவ்வளவுதான் என்று இருந்தது.

"வடிஞ்சிட்ச்சு சார், மூடிடவா?" என்று குரல் வந்தது.

நான் தரையில் தட்டினேன். "கடைசிச் சொட்டு வரைக்கும் விடுப்பா. பழசு முழுசா இறங்கட்டும்."

கீழே மகளின் பேச்சு சட்டென்று நின்றது. ஒரு சொட்டு விழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று விழுந்தது.

ஆயில், ஃபில்டர் எல்லாம் முடிந்தபிறகு பெட்டியைக் கழற்றப் பார்த்தார்கள். வீட்டை வண்டியோடு பிணைக்கும் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். ஸ்பேனர் சத்தம் கேட்டது. அப்புறம் மெக்கானிக் கூப்பிட்டார். "சார், கொஞ்சம் கீய வாங்க. ஒரு போல்ட்டு பேஜார் பண்ணுது."

நான் வண்டிக்கடியில் போனதே இல்லை. அது உன் இடம். குனிந்து, தலையில் இடித்துக்கொண்டு நுழைந்தேன். அவர் டார்ச் அடித்துக் காட்டினார். "மத்ததெல்லாம் ஆடுது சார். இது மட்டும் அசையவே மாட்டேங்குது. மேல இன்னாவோ வெள்ளையா ஊத்தி, சிமெண்டு கணக்கா இறுகிக்கினு கீது. இன்னாத்த ஊத்துனீங்க?"

வண்டியின் அடிச்சட்டத்துக்கும் நம் தரைக்கும் நடுவில், தண்ணீர் அடித்தாலும் போய்ச் சேராத சந்து. ஓட்டைக்கு நேர் கீழே. போல்ட்டின் தலையை மூடிக்கொண்டு வெள்ளையாக, வழிந்த வாக்கிலேயே காய்ந்து நின்றது. கையை நீட்டித் தொட்டேன். விரலெல்லாம் ஆயில் ஆனது. ஆயிலுக்கு அடியில் அது கல் மாதிரி இருந்தது.

"மாவு" என்றேன்.

"இன்னா மாவு?"

"தோசை மாவு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மகள் அடியில் நுழைந்து என் பக்கத்தில் குந்தினாள். "அம்மா நக்கிப் பாத்த மாவாப்பா?" என்றாள். தலையாட்டினேன். அவளும் விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, உன் குரலில், உன் முகத்தோடு, "உப்புப் போட்டீங்களா சார்?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் டயர் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை. நானும் அழுதேன். நீ போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியில்கூட ஆளுக்கொரு மூலையில்தான் நின்றோம்.

மெக்கானிக் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் டார்ச்சை அணைத்தார், மறுபடி போட்டார். "ஒண்ணும் கவலப்படாத சார். கட்டிங் வெச்சு அறுத்தா ரெண்டு நிமிசத்துல வந்துரும்" என்றார்.

"வேண்டாம்பா. அதைத் தொடாதே. மத்ததையெல்லாம் இறுக்கிடு."

"அப்ப பொட்டி?"

"பொட்டி இல்ல, வீடு. அது எங்கேயும் போகலை."

நர்சரிக்காரருக்கு நானே போன் போட்டேன். வார்த்தை தவறுகிறோமே என்று மன்னிப்புக் கேட்டேன். அவர், "வுடுங்க சார், எனக்கு வேற வண்டி மாட்டாமலா போவும்? போற வழியில வந்து ஒரு செடி எடுத்துக்குனு போங்க" என்றார். போனோம். கறிவேப்பிலைக் கன்று ஒன்று கொடுத்தார். வரும்போது முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அதற்கு முன்னால், ஒர்க்‌ஷாப்பிலேயே, மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு இடுப்பில் கை வைத்தாள். "சரிப்பா, வீடு இருக்கட்டும். ஓட்டறது யாரு? என்னால எத்தனை நாள் வர முடியும்?"

"நான்" என்றேன்.

"நீங்களா? கிளச்சுக்குக் கால் எட்டாதுப்பா உங்களுக்கு!"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, "அதெல்லாம் எட்டும்கா. சீட்ட முன்னால இஸ்து போட்டுக்கலாம்" என்றார். பழைய ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டுப் புதிதை ஒட்டினார். அடுத்த கிலோமீட்டரை எழுதிவிட்டு, நான் அதையே பார்ப்பதைப் பார்த்து, "சரியா கீதா சார்?" என்றார். சரியாக இருந்தது. அந்த எண் எந்த ஊரில் வரும் என்று தெரியவில்லை. எண்ணெய்க் குளியல் நாள் என்பதால் ராத்திரி மிளகு ரசம் வைத்தேன். மகள் தங்கினாள். அந்த ரசத்தில்தான் இன்று மத்தியானம் சோறு பிசைந்தேன்.

திங்கட்கிழமை காலையிலிருந்து டிரைவிங் ஸ்கூல். இந்த வயதில் மருத்துவச் சான்று, கண் பரிசோதனை எல்லாம் வேண்டுமாம். மகள் கேட்டு வைத்திருக்கிறாள். பயமாகத்தான் இருக்கிறது. உன்னிடம் மறைப்பானேன்? சைக்கிளில்கூட ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்காதவன் நான்.

சாப்பிட்டுத் தட்டைக் கழுவிவிட்டு வாசலுக்குப் போனேன். சும்மா உட்கார்ந்து பார்க்கலாமே என்று சாவியில்லாமல் உன் சீட்டில் ஏறினேன். கால் அந்தரத்தில் தொங்கியது, அன்றைக்குச் சர்ச் மைதானத்தில் தொங்கிய மாதிரியே. சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். கம்பி கிடைத்தது. தூக்கினால் போதும், சீட்டு முன்னால் வந்துவிடும். நீ திண்டிவனத்திலிருந்து என்னைக் கொண்டுவந்து சேர்த்த சீட்டு. நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. மகளும் அதை நகர்த்தவில்லை.

கம்பியை விட்டுவிட்டேன். இறங்கிப் பின்னால் போய் நம் வீட்டுப் படி ஏறி, உன் படுக்கையிலிருந்து இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்துவந்தேன். அதை முதுகுக்கு வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

கால் எட்டுகிறது, டீச்சர்.